ஒரே மாசத்துல நாவல்: 9ஆம் நாள் ஏன் நின்னு போகுது?

நீங்க கேட்டது இது: ரெண்டு வருஷமா ஒரு கதை மனசுல ஓடிக்கிட்டே இருக்கு, முழு நேர வேலை, வீட்ல கைக்குழந்தை, போன தடவை 30 நாள்ல 50,000 வார்த்தைன்னு கிளம்பி 9ஆம் நாள் 11,000 வார்த்தையோட நின்னுட்டேன், மறுபடி ஒரு மாசம் ஒதுக்கி முயற்சி பண்ணலாமா, பழைய 11,000த்தை என்ன பண்றது. ஆனா கேள்வியோட கடைசியில சும்மா போற போக்குல "இல்ல எனக்கு எழுத்தே வராதோ என்னவோ"ன்னு ஒரு வரி போட்டிருக்கீங்க பாருங்க, நிஜமா கேக்க வந்தது அதைத்தான்னு எனக்கு தோணுது. அதனால அந்த 9ஆம் நாளை சுத்தியேதான் இந்த பதில் போகும்.

நான் 14 வருஷமா மத்தவங்க எழுதின கதை, நாவல் எல்லாம் எடிட் பண்றவன், மெய்ப்பு பாக்கறவன், அதுதான் பிழைப்பு. இந்த ஒரு மாச நாவல் பைத்தியத்துல நானே ஏழு தடவை இறங்கியிருக்கேன். நாலு தடவை முடிச்சேன், மூணு தடவை பாதியில கவுந்தேன். முடிச்ச நாலுல ஒண்ணே ஒண்ணுதான் புத்தகமாச்சு, அதுக்கும் மேற்கொண்டு ரெண்டரை வருஷம் பிடிச்சுது. பெரிய நாவலாசிரியர் பேசறதா எடுத்துக்காதீங்க, பாதியில நின்னு போன கைப்பிரதி நிறைய பாத்த ஆளு பேசறதா எடுத்துக்கோங்க.

முதல்ல கணக்கு. இந்த சவால் 1999 ஜூலையில சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் கிறிஸ் பேட்டிங்கறவர் கிளப்பினது, அந்த வருஷம் மொத்தமே 21 பேர், அடுத்த வருஷம் நவம்பருக்கு மாறுச்சு, நானோரைமோன்னு (நேஷனல் நாவல் ரைட்டிங் மன்த்ங்கறதோட சுருக்கம்) பேரு நிலைச்சுது. அதை நடத்தின அமைப்பு 2025 மார்ச் கடைசியில கடையை மூடறதா அறிவிச்சுட்டாங்க, ஆக நவம்பர் வரைக்கும் காத்திருக்கணும்னு ஒண்ணும் இல்ல, உங்களுக்கு தோதா இருக்கற எந்த 30 நாளும் சரிதான். 50,000ங்கறது அவங்க வச்ச இலக்கு, 30 நாளுக்கு பிரிச்சா நாளைக்கு 1,667 வார்த்தை. நீங்க தமிழ்லதான் எழுதறேன்னு சொல்லியிருக்கீங்க, அங்கதான் சிக்கலே. அந்த எண் இங்கிலீஷ்ல எழுதறவங்க அவங்களுக்கு போட்டுக்கிட்டது. நாம உருபு, துணைவினை, இடைச்சொல் எல்லாத்தையும் ஒட்ட வச்சு ஒரே வார்த்தையா எழுதற ஆளுங்க. "வந்துகொண்டிருந்தவர்களிடம்"னு ஒரு வார்த்தை எழுதறோம், அதை இங்கிலீஷ்ல சொல்ல அஞ்சு வார்த்தையாவது வேணும். ஒரே பகுதி ரெண்டு மொழியிலயும் இருக்கும்போது நான் எண்ணி பாத்திருக்கேன், தமிழ் பெரும்பாலும் இங்கிலீஷோட முக்கால் பங்கு, சில சமயம் அதுக்கும் கீழ. இது என் மேசையில வந்து போன பிரதிகளை வச்சு சொல்ற கணக்கு, ஆளுக்கு ஆள் மாறும், "வந்து கொண்டு இருந்தான்"னு பிரிச்சு பிரிச்சு எழுதறவங்களுக்கு எண்ணிக்கை சும்மாவே ஏறிடும். ஆனா தமிழ்ல 50,000 வார்த்தைன்னா நீங்க ஏறப்போறது இங்கிலீஷ்காரர் ஏறின மலையை விட பெரிய மலை, அதுல எனக்கு சந்தேகம் இல்ல.

அதனால என் இலக்கு 36,000. நாளைக்கு 1,200. இப்ப உங்க எண்ணை பாருங்க: 9 நாள்ல 11,000ன்னா நாளைக்கு 1,222. நீங்க பின்தங்கவே இல்லீங்க! 15,000 இருக்க வேண்டிய இடத்துல 11,000தான் இருக்கு, 4,000 வார்த்தை கடன்னு நினைச்சு அன்னிக்கு ராத்திரி லேப்டாப்பை மூடியிருப்பீங்க, நானும் என் முதல் தடவை அப்படித்தான் மூடினேன். வேற மொழிக்கு தச்ச சட்டையை மாட்டிக்கிட்டு கை நீளமா இருக்குன்னு அழுத கதை.

சரி, கணக்கு சரியா இருந்திருந்தா முடிச்சிருப்பீங்களான்னா, அதையும் அடிச்சு சொல்ல மாட்டேன். ஏன்னா 8ஆம் நாளுக்கும் 14ஆம் நாளுக்கும் நடுவுல கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஒரு இடம் வருது, ஏழு தடவையும் எனக்கு வந்துச்சு. ரெண்டு வருஷமா மனசுல கதை இருக்குன்னு நாம சொல்றோமே, அதை உக்காந்து எழுதி பாத்தா என்ன இருக்கும்? ஒரு ஆளு, ஒரு ஆரம்பம், நடுவுல எங்கயோ ஒரு பெரிய சண்டை, கடைசியில கண்ணுக்குள்ளயே நிக்கற ஒரு காட்சி. அவ்வளவுதான். ரெண்டு வருஷமா அதையேதான் திரும்ப திரும்ப ஓட்டி பாத்துக்கிட்டு இருந்திருப்போம். அதை எழுத எட்டு பத்து நாள் போதும், அதோட கையிருப்பு காலி. அதுக்கப்புறம் வர்ற ஒவ்வொரு பக்கத்துக்கும் அன்னன்னிக்கு புதுசா ஒரு முடிவு எடுக்கணும், அதுதான் களைப்பா இருக்கு, அந்த களைப்பைத்தான் நாம "எனக்கு எழுத்து வராது"ன்னு மொழிபெயர்த்துக்கறோம்.

ஒரு கைப்பிரதி ஞாபகம் வருது. ஒரு பொண்ணு, செத்துப்போன அப்பாவோட டிரங்க் பெட்டியை திறக்க போறா. மூணு பக்கம் போகுது, பெட்டி திறக்கல. மேல இருக்கற தூசி, பூட்டுல இருக்கற துரு, ஜன்னல் வெளிச்சம், அவளோட கை நடுங்கறது, மறுபடி தூசி. படிக்கும்போதே தெரிஞ்சுபோச்சு, பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு எழுதினவருக்கே தெரியல. பிரதி அங்கயே நின்னுடுச்சு, ஒன்றரை வருஷம் அப்படியே கிடந்திருக்கு. நான் ஓரத்துல "எதையாவது ஒண்ணை உள்ள போடுங்க, பிடிக்கலன்னா அப்புறம் எடுத்துடலாம்"னு மட்டும் எழுதி அனுப்பினேன். அவர் ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கின ரசீதை போட்டார், வேற யாரோ ஒரு பொம்பளை பேர்ல. அப்பா கண்ணாடியே போட்டதில்ல. அந்த ஒரு ரசீதுலேந்து அடுத்த 140 பக்கம் வந்துச்சு. ரெண்டாவது வார தேக்கத்துக்கு எனக்கு தெரிஞ்ச வைத்தியம் இதுதான், சரியான முடிவுக்கு காத்திருக்காம ஏதோ ஒரு முடிவை எடுத்து மேல போறது. அமெரிக்க எழுத்தாளர் எரின் மோர்கென்ஸ்டர்ன் இப்படி ஒரு நவம்பர் சவால்ல எழுதிக்கிட்டு இருக்கும்போது கதை அவங்களுக்கே போரடிச்சு போயி, கதாபாத்திரங்களை எல்லாம் கூட்டிட்டு போயி ஒரு சர்க்கஸ்ல விட்டிருக்காங்க. அந்த சர்க்கஸ்தான் பின்னாடி பல தடவை திருத்தி எழுதி 2011ல நாவலா வந்துச்சு, முதல்ல எழுத கிளம்பின கதை எங்கயோ போச்சு.

ஒரு மாசத்துல எழுதினாங்கன்னு சொல்ற பெரிய பேரு எல்லாம் இருக்கே, அதை எப்படி எடுத்துக்கறதுன்னு கேட்டீங்கன்னா, அதுல ரெண்டு பேரோட கதை நல்லா தெரியும், ரெண்டுமே உங்களுக்கு உபயோகப்படும். ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி 1866 அக்டோபர்ல "சூதாடி"யை 26 நாள்ல முடிச்சார். நவம்பர் 1க்குள்ள ஒரு புது நாவல் தரலன்னா அவரோட எழுத்தை ஒன்பது வருஷத்துக்கு காசே தராம பதிப்பாளர் போட்டுக்கலாம்னு ஒப்பந்தம், கழுத்துக்கு கத்தி. அன்னான்னு ஒரு சுருக்கெழுத்து பொண்ணை வச்சுக்கிட்டு சொல்ல சொல்ல எழுதவச்சார், அடுத்த வருஷம் அவங்களையே கல்யாணமும் பண்ணிக்கிட்டார். கேக்க சினிமா மாதிரி இருக்கும். ஆனா ராத்திரியில குறிப்பு எழுதி வச்சுக்கிட்டுதான் பகல்ல சொல்லியிருக்கார், அந்த கதையோட யோசனையை 1863லயே ஒரு கடிதத்துல எழுதியிருக்கார், சூதாட்ட மேசையில அவரே உக்காந்து தோத்த ஆளு வேற. மூணு வருஷம் ஊறினதை 26 நாள்ல பிழிஞ்சிருக்கார். உங்க ரெண்டு வருஷம் வீண் இல்லன்னு சொல்லத்தான் இதை சொல்றேன்.

இன்னொருத்தர் இங்கிலீஷ்ல எழுதற நாவலாசிரியர் கசுவோ இஷிகுரோ. ஒரு நாவலோட முதல் வடிவத்தை நாலு வாரத்துல எழுதினார், ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு, காலைல 9லேந்து ராத்திரி 10.30 வரைக்கும், நடுவுல மதிய சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், ராத்திரி சாப்பாட்டுக்கு ரெண்டு மணி நேரம், கடிதம் பாக்கறதில்ல, ஃபோன் எடுக்கறதில்ல. எல்லாரும் இதோட நிறுத்திடுவாங்க. அந்த நாலு வாரமும் சமையல், வீட்டு வேலைல அவரோட பங்கை எல்லாம் அவர் மனைவி சேத்து பாத்துக்கிட்டாங்கன்னு அவரேதான் எழுதியிருக்கார், அந்த பாதியை யாரும் சொல்றதில்ல. கைக்குழந்தை வச்சிருக்கற நீங்க ஒரு எழுத்தாளரோட கால அட்டவணையை பாக்கும்போது, அந்த நேரத்துல குழந்தை யார் கையில இருந்துச்சுன்னு ஒரு கேள்வியை கேட்டுட்டு அப்புறமா உங்களோட ஒப்பிட்டுக்கோங்க.

உங்க நிலைமையில நேரம் எப்படி கிடைக்கும்னு நான் தீர்ப்பு சொல்ல முடியாது, என் முடிஞ்ச நாலு தடவையுமே வீட்ல சின்ன பசங்க இல்லாத காலம். எனக்கு வேலைக்கு ஆனது, 40 நிமிஷம் காலைல, 40 நிமிஷம் ராத்திரி, அவ்வளவுதான். ஒரே மூச்சுல மூணு மணி நேரம் உக்காந்த நாள்ல கூட உருப்படியா வந்தது முதல் 50 நிமிஷத்துலதான் வந்துச்சு. வாரத்துல ஒரு நாள் எழுத முடியாதுன்னு முன்னாடியே எழுதி வச்சுடுங்க, 26 நாளா கணக்கு போட்டா நாளைக்கு 1,385 வரும், அது பரவாயில்ல, ஏன்னா குழந்தைக்கு காய்ச்சல் வந்த அன்னிக்கு "போச்சு"ன்னு தோணாது, அது ஏற்கனவே கணக்குல இருக்கற நாள்.

இப்ப தமிழ்ல எழுதறவங்க மட்டும் மாட்டிக்கற சில குழி இருக்கு, மத்த மொழி வழிகாட்டில எதுலயும் இருக்காது, இதை கொஞ்சம் விரிவாவே சொல்றேன். முதல் நாளுக்கு முன்னாடியே நடையை முடிவு பண்ணுங்க, கதை சொல்றது எழுத்து நடையிலயா பேச்சு நடையிலயா. உரையாடல் மட்டும் பேச்சுல, மத்தது எழுத்து நடையிலன்னு வச்சா சுலபம். முழுக்க பேச்சு நடையில சொல்றதும் நல்லா இருக்கும், ஆனா 15ஆம் நாள் மனசு மாறி "வந்துச்சு"வை எல்லாம் "வந்தது"ன்னு மாத்த உக்காந்தீங்கன்னா மாசம் முடிஞ்சுது. ரெண்டாவது, கதை சொல்ற குரல் யாரை "அவன்"னு சொல்லும், யாரை "அவர்"னு சொல்லும். சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஒரு அப்பா பாத்திரத்தை முதல் அத்தியாயத்துல "அவர் வந்தார்"னு எழுதிட்டு, அவரோட இளமைக்காலத்துக்கு போகும்போது 19 வயசு பையனை "அவர் மரத்துல ஏறினார்"னு எழுத கை வராது, "அவன்"னு எழுதினா அதே ஆளான்னு வாசகர் தடுமாறுவார். நான் ஒரு தடவை இந்த ஒரே விஷயத்துல நாலு நாள் மாட்டிக்கிட்டேன், கடைசியில அந்த மனுஷனை பேர் சொல்லியே எழுதி தப்பிச்சேன், அங்கயும் வினைமுற்று "ஏறினான்"னா "ஏறினார்"னான்னு வந்து நின்னுச்சு. இதை எல்லாம் எழுத ஆரம்பிக்கறதுக்கு முந்தின வாரம் ஒரு பக்க தாள்ல முடிவு பண்ணி சுவத்துல ஒட்டிடுங்க, தப்பான முடிவா இருந்தாலும் 30 நாளைக்கு அதுதான் சட்டம்.

மூணாவது, ஒற்று. "கதவை திறந்தாள்"ஆ "கதவைத் திறந்தாள்"ஆன்னு ஒரு நிமிஷம் யோசிக்கிறதுக்குள்ள அந்த பொண்ணு கதவை திறந்து உள்ள போயி வேலையை முடிச்சுட்டு வந்துடுவா. வலி மிகுமா மிகாதான்னு பாக்க என்னை மாதிரி ஆளுங்க இருக்கோம், எங்க பிழைப்புல மண்ணை போடாதீங்க. பிழை காட்டற சிவப்பு கோட்டை அணைச்சுடுங்க, தமிழ்ல அது பாதி நேரம் சரியான வார்த்தைக்கு கீழயும் கோடு போடும். டைப்பிங் எந்த முறைங்கறது உங்க இஷ்டம், பழகினதை அந்த மாசம் மாத்தாதீங்க, அது மட்டும் போதும். குரல்ல சொல்லி எழுதவைக்கறதை நானும் பாத்தேன், உரையாடலுக்கு பரவாயில்ல, வர்ணனைக்கு வரும்போது ஃபோனுக்கு கட்டளை போடற தொனியில வாக்கியம் வந்து விழுது, எனக்கு ஒத்துவரல, உங்களுக்கு குழந்தையை தோள்ல போட்டுக்கிட்டு நடக்கும்போது ஒத்துவரலாம்.

பின்னாடி போய் படிக்காதீங்கன்னு எல்லாரும் சொல்வாங்க, நானும் சொல்றேன், ஆனா ஏன்னு நம்ம ஆளுங்களை வச்சு சொல்றேன். "பொன்னியின் செல்வன்" 1950லேந்து 1954 வரைக்கும் வாரா வாரம் தொடரா வந்த கதை. தொடர்கதை எழுதறவருக்கு போன வாரம் எழுதினது அச்சாகி வாசகர் கைக்கு போயிடுச்சு, திருத்தணும்னு நினைச்சாலும் முடியாது, மிச்சம் இருக்கறது அடுத்த அத்தியாயம் மட்டும்தான். உங்க நேத்து எழுதின பக்கத்தையும் அச்சாகிட்டதா நினைச்சுக்கோங்க. என் மூணாவது முயற்சியில 12ஆம் நாள் கதாநாயகி பேரு சுகந்திலேந்து கல்பனாவா மாறிடுச்சு, ஏன்னே தெரியல, கல்பனாதான் சரின்னு தோணுச்சு. பழைய பக்கத்தை தொடவே இல்ல, அந்த இடத்துல ஒரு குறிப்பு போட்டுட்டு மேல போயிட்டேன். குறிப்புக்கு நான் வச்சிருக்கற அடையாளம் "ஙஙங". தமிழ்ல எந்த வார்த்தையிலயும் அப்படி வராது, பின்னாடி தேடினா எல்லா ஓட்டையும் வரிசையா வந்து நிக்கும். "ஙஙங இங்க அம்மாவோட ஒரு சண்டை வரணும்", "ஙஙங ரயில் எத்தனை மணிக்கு", "ஙஙங இவனுக்கு தம்பி இருந்தானே எங்க போனான்". அந்த கைப்பிரதி முடிஞ்சப்ப 83 ஙஙங இருந்துச்சு. தகவல் தேடறேன்னு கிளம்பி ரெண்டு மணி நேரம் வலைல தொலையறதுக்கு இது எவ்வளவோ மேல்.

முன்னாடியே அத்தியாய திட்டம் போட்டுக்கிட்டு இறங்கணுமா, இல்ல போற போக்குல எழுதணுமா, இதுல ஆளுக்கு ஒரு கட்சி, எனக்கு ரெண்டுலயும் முழு நம்பிக்கை கிடையாது. முழுசா திட்டம் போட்டு இறங்கின தடவை 20ஆம் நாள் எனக்கே அலுத்துப்போச்சு, நடக்கப்போறது எல்லாம் முன்னாடியே தெரியுமே. திட்டமே இல்லாம போன ரெண்டு தடவையும் பாதியில கவுந்தேன். முடிஞ்சதுல எல்லாம் பொதுவா இருந்தது, ஒவ்வொரு ராத்திரியும் மூடறதுக்கு முன்னாடி மறுநாள் எழுதப்போற காட்சியை ரெண்டு வரியில எழுதி வச்சேன்: யாருக்கு என்ன வேணும், யாரு குறுக்க நிக்கறாங்க. மறுநாள் வந்து வெறும் பக்கத்தை முறைச்சுக்கிட்டு உக்கார வேண்டியதில்ல. உங்க தடவை இதை ஒரு வாரம் பண்ணி பாருங்க, சரிப்படலன்னா விட்டுடுங்க, ஏழு தடவை அனுபவம் ஒண்ணும் ஆராய்ச்சி முடிவு கிடையாது.

மாச கடைசியில கையில இருக்கறது நாவலான்னா, இருக்காது. இதுல எனக்கு துளி சந்தேகம் இல்ல. அது ஒரு நீளமான முதல் வடிவம், பேரு மாறியிருக்கும், மூணாவது அத்தியாயத்துல செத்தவர் பதினொண்ணுல காபி குடிப்பார். அதை மறுநாளே யாருக்காவது அனுப்பறது மட்டும் வேண்டாம், பதிப்பாளருக்கு வேண்டவே வேண்டாம், டிசம்பர் மாசம் எங்க மேசைக்கு வர்ற சில பிரதியோட முதல் பக்கத்துலயே அதுக்கு வயசு ஒரு மாசம்தான்னு தெரிஞ்சுடும். ஆறு வாரம் மூடி வைங்க. என் புத்தகமா வந்ததுல, அந்த மாசம் எழுதின வாக்கியத்துல பத்துல ரெண்டுதான் கடைசி வரைக்கும் தாக்குப்பிடிச்சுது, ஆனா அந்த கதையில அண்ணனும் தங்கச்சியும் எதுக்காக பேசிக்கறதில்லைங்கறது அந்த 22ஆம் நாள் ராத்திரிதான் எனக்கே தெரிஞ்சுது, அது எந்த திட்டத்துலயும் இல்ல.

கடைசியா அந்த பழைய 11,000. பழைய விதிப்படி பாத்தா முதல் நாள் வெறும் பக்கத்துலேந்து ஆரம்பிக்கணும், ஆனா விதி வச்சவங்களே கடையை மூடியாச்சு, உங்களை யாரு கேக்கப்போறா. தூக்கி போடாதீங்க, ஆனா திறந்து படிக்கவும் செய்யாதீங்க, படிச்சா திருத்த ஆரம்பிச்சுடுவீங்க, அதுலயே பத்து நாள் போயிடும். ஒரு தாளை எடுத்து, ஃபைலை பாக்காம, கதை எங்க நின்னுச்சு, யாரு எந்த அறையில இருந்தாங்க, யாருக்கு யார் மேல கோபம்னு ஞாபகத்துலேந்து ஒரு பக்கம் எழுதுங்க. ஞாபகத்துல வராதது கதைக்கும் தேவைப்படாம இருக்க வாய்ப்பு அதிகம். அப்புறம் புது ஃபைல் திறந்து, அந்த 9ஆம் நாள் எழுத முடியாம நின்ன காட்சியை விட்டுட்டு, அதுக்கு அடுத்த காட்சியிலேந்து ஆரம்பிங்க. நின்ன இடத்துக்கு ஒரு ஙஙங போட்டுடுங்க.